கடலுக்கு மடக்குக் கத்தி வாங்கும்போது செய்யும் தவறுகள்

கடல் மீன்பிடிப்புக்கு மடக்குக் கத்தி வாங்கும் பலரும் முதலில் அலகைத்தான் பார்க்கிறார்கள். விரித்து, வெளிச்சத்தில் திருப்பி, கூரைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். நான் முதலில் கீலைப் பார்ப்பேன். கடலில் மடக்குக் கத்தி கெடத் தொடங்கும் இடம் அதுதான். அலகில் பட்ட உப்புநீரைத் துடைத்துவிடலாம். கீலுக்குள்ளும், அலகு மடங்கி உட்காரும் பள்ளத்துக்குள்ளும் போன நீரைத் துணி எட்டாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் உலர்ந்தாலும் அந்த உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும்.

அதனால் கத்தியைத் திறந்து பள்ளத்துக்குள் பாருங்கள். குழாய்நீர் புகுந்து வெளியேற வழி இருக்கிறதா? ஒரு பல்குச்சியாவது நுழையுமா? மூன்று அலகுள்ள கத்தி கைக்கு அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வோர் அலகும் உப்பு தங்க இன்னோர் இடம். கடலுக்கு ஓர் அலகு போதும். பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டையும் கவனியுங்கள். உப்புநீரில் நனைந்த பித்தளையும், எளிதில் துருப்பிடிக்கும் கார்பன் எஃகும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே சிறிய மின்கலம் ஒன்று உருவாகி, எஃகு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கப்படும்.

அடுத்த தவறு, ‘துருப்பிடிக்காத எஃகு’ என்ற பெயரை அப்படியே நம்புவது. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. காப்பது அந்தப் படலம்தான். உப்பிலுள்ள குளோரைடு அதை ஆங்காங்கே துளைத்து, ஊசி குத்தியதுபோல் புள்ளிப்புள்ளியாக அரிக்கும். ஆகவே இந்த எஃகுக்கும் கழுவல் தேவை. என்றாலும் கடலுக்கு இதுவே சரியான தேர்வு. எனக்குக் கார்பன் எஃகின் மீது தனிப் பிரியம் உண்டு. சாணைக்கல்லில் சில இழுப்பிலேயே கூர் ஏறிவிடும். ஆனால் இரை வெட்டிவிட்டு ஈரத்தோடு மடக்கி வைத்தால் மாலைக்குள் துருக்கறை தெரியும். அதை ஆற்றங்கரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பினெல் கத்தியை இங்கே சொல்லியாக வேண்டும். 1890-இல் பிரான்சின் சவுவா மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய இந்தக் கத்திக்கு, அலகை விறைப்பாகப் பிடித்துவைக்கும் முதுகு ஸ்பிரிங் கிடையாது; ஒரே அலகு, மரப்பிடி. 1955-இல் சேர்ந்த சுழல் வளையம் அலகைப் பூட்டிவைக்கிறது. எளிமையான அமைப்பு என்பதால் கழுவுவது சுலபம். ஆனால் பீச் (beech) என்னும் மரத்தாலான பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மரப்பிடிதான் வேண்டுமென்றால், கடலுக்குப் போவதற்கு முன்பே ஓர் இரவு நனைத்துவைத்துத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இதிலிருந்து வருவது ஈரக்கையின் கேள்வி. கடையில் உலர்ந்த விரலால் எந்தக் கத்தியும் திறக்கும். வீட்டில் கையைக் குளிர்ந்த நீரில் இரண்டு நிமிடம் வைத்து, சோப்பு தடவி, அலகில் நகம் மாட்டி இழுக்க இருக்கும் நகப்பள்ளத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் மிக விறைப்பாக இருந்தால் நகம்தான் உடையும். ஒருமுறை மீன் இழுத்த தூண்டில் நரம்பு நண்பரின் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. என் ஒரு கை அவர் கையைப் பிடித்திருந்தது. கத்தியைத் திறக்கவோ இரண்டு கையும் வேண்டும். பக்கத்தில் இருந்தவரின் உறைக்கத்தி அறுத்ததால் காயம் ஆழமாகவில்லை. அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்: இரண்டு கையால் திறக்கும் மடக்குக் கத்தி இரைக்கும் முடிச்சுக்கும் உரியது. அவசரத்துக்கு மடங்காத கத்தி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முனை விஷயத்தில் பலரும் ஊசிமுனையைக் கேட்கிறார்கள். ஆடும் படகில் அது கையில் இறங்கும். காற்றடைத்த படகென்றால் படகிலேயே இறங்கும். பழைய மாலுமிகள் நேரான கூரும் மழுங்கிய முனையும் உள்ள அலகை வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. கயிற்றை அறுக்க நேர்க்கூர் போதும், தடுமாறி விழுந்தாலும் குத்தாது. பூட்டு இல்லாத கத்தியால் குத்துவதும் நெம்புவதும் கூடாது, அலகு மடங்கி விரலில் விழும்.

நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர் போதும். கொம்புப்பிடி நனைந்து உலர்ந்து நெளியும். சொரசொரப்பான செயற்கைப் பிடி அழகில் குறைந்தாலும் வழுக்காது. பிடியின் அடியில் கயிறு கட்ட வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கரை திரும்பிய அன்றே அலகை விரித்து நன்னீரில் கழுவி, முழுதும் உலர்த்தி, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உண்ணும் மீனைத் தொடும் கத்தி என்பதால் உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெயாக இருக்கட்டும். தோலுறையில் போட்டு வைக்க வேண்டாம். தோல் குடித்த உப்பு, கழுவிய கத்தியையும் துருப்பிடிக்க வைக்கும்.