கேன்டர்பரி கிங்ஸ் ஸ்கூல எப்படி பாக்கணும்

லண்டன் செயின்ட் பேன்க்ரஸ்ல ஹைஸ்பீட் ட்ரெயின் ஏறினா கேன்டர்பரி வெஸ்ட் ஸ்டேஷன் ஒரு மணி நேரம் தான், அங்கருந்து நடந்தே கதீட்ரல் (பெரிய சர்ச்) போயிடலாம், ஸ்கூல் அந்த வளாகத்துக்குள்ள தான் இருக்கு. டிக்கெட் எடுத்து உள்ள போனதும் எல்லாரும் நேரா சர்ச்சுக்குள்ள போயிடுறாங்க. நீங்க அதையும் பாத்துட்டு வடக்கு பக்கம் க்ரீன் கோர்ட்ங்கிற புல்வெளி முற்றத்துக்கும் கண்டிப்பா வாங்க, ஸ்கூலோட உசுரே அங்க தான் இருக்கு.

புல்வெளிக்கு வடமேற்கு மூலைல நார்மன் கட்டடப் பாணில ஒரு படிக்கட்டு இருக்கும், 12ஆம் நூற்றாண்டு வேலை, மேல கூரை, ரெண்டு பக்கமும் தூணு, அரைவட்ட வளைவு. கிட்ட போய் அந்த செதுக்கல நிதானமா பாருங்க.

போறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறும் தெரிஞ்சுக்கோங்க. 597ல கிறிஸ்தவ மதத்த பரப்ப ரோம்ல இருந்து அகஸ்டின் வந்தப்பவே ஆரம்பிச்சதுன்னு ஸ்கூல் சொல்லுது, ஆனா கையில பிடிச்சு காட்டுற மாதிரி ஆதாரம்னா ராஜா எட்டாம் ஹென்றி கதீட்ரல்ல இருந்த துறவி மடத்த கலைச்சிட்டு 1541ல குடுத்த சாசனம் தான், அதுல 50 ஸ்காலர்ஸ், அதாவது ஸ்காலர்ஷிப்ல படிக்கிற பசங்க. பணக்கார வீட்டு பசங்கள மட்டும் சேக்கலாம்னு சிலர் சொன்னப்போ ஆர்ச்பிஷப் க்ரான்மர் ஒத்துக்கல, படிப்பு வர்ற ஏழப் புள்ளைக்கும் இடம் குடுங்கன்னு வாதாடினாரு. எனக்கு இந்த ஸ்கூல்லயே ரொம்ப புடிச்ச விஷயம் இதான், ஏன்னா பின்னாடி அதே ஸ்காலர்ஷிப்ல படிச்ச நாடக ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ ஒரு செருப்பு தைக்கிறவரோட பையன்.

டெர்ம் நடக்கிறப்போ போங்க, விங் காலர் (முனை மடிச்ச நிமிந்த காலர்) போட்ட பசங்க, ஊதா கவுன் போட்ட ப்ரிஃபெக்ட்ஸ் (மாணவர் தலைவர்கள்) எல்லாம் கண்ணுல படும். அவங்கள மட்டும் போட்டோ எடுக்காதீங்க.