அப்பச்சி வீட்டுப் பங்கும் வாரிசுக் காகிதமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நம் நகரத்தார் குடும்பங்களில் சொத்துத் தகராறு என்றால் பாதி, முகப்பு முதல் பின்கட்டு வரை நீளும் ஒரே வீட்டுக்காகத்தான் இருக்கும். ஐயா (தாத்தா) கட்டிய வீடு. பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். சாவி ஒருவரிடம், வரி ரசீது இன்னொருவர் பெயரில்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைச் சொத்துப் பத்திரமாகவே நினைத்துவிடுகிறார்கள். இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்பதோடு அது நின்றுவிடும். அந்த மனை அவருடையதுதானா, அவருக்கு எத்தனை பங்கு என்பதற்கு மூலப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று வேண்டும். பட்டா மட்டும் போதாது. ஒரு பெயரை மறைத்துச் சான்றிதழ் வாங்கினாலும் விடுபட்டவரின் பங்கு அழியாது.

"சீர் செய்து அனுப்பியாச்சு, அவளுக்கு என்ன பங்கு?" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கல்யாணமானால் பெண் கணவர் வீட்டுக் கோயிலைச் (கோயில் பெயரில் அமைந்த குலப் பிரிவைச்) சேர்ந்தவளாகிறாள், சரி. அதனால் அப்பச்சி (தந்தை) சொத்தில் உரிமை போய்விடாது. அப்பச்சியின் சுயசம்பாத்தியத்துக்கு அவர் உயில் எழுதாமல் போனால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாயார், மகன், மகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமையை 2005 திருத்தம் தந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பச்சி உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்தோ கோர்ட் தீர்ப்பாலோ முடித்த பாகப்பிரிவினையை இது கலைக்காது. குடியிருக்கும் வீட்டை ஆண்கள் பிரிக்கும்வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்ற பழைய தடையும் 2005இல் போய்விட்டது. நம் ஊர் வீடுகளுக்கு இது பெரிய மாற்றம். பலருக்கு இன்னும் தெரியவில்லை.

பங்காளிகள் உட்கார்ந்து பேசி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அடுத்த தவறு. அந்தத் தாள்தான் சொத்தைப் பிரிக்கிறது என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பிரிவினைக்குச் சாட்சியமாகக் கோர்ட் அதை ஏற்காது.

என்னை அதிகம் வருத்துவது பிள்ளை கூட்டும் (தத்தெடுக்கும்) விஷயம். ஊரறியக் கூட்டி, கோயிலில் புள்ளியும் (குடும்பக் கணக்கும்) சேர்த்தாகிவிடும்; பத்திரம் மட்டும் எழுதமாட்டார்கள். கூட்டியவர்கள் காலமானதும் "இவர் யார்?" என்று பங்காளியே கேட்பார். கொடுத்தவர், எடுத்தவர் இருவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த சுவீகாரப் பத்திரம் இருந்தால் அதைச் சரியென்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். பொய் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பதினைந்து வயது முடிந்த பிறகோ, கல்யாணத்துக்குப் பிறகோ கூட்டப்பட்டவர் என்றால், அப்படி ஒரு வழக்கம் நம்மிடம் இருப்பதையும் காட்ட வேண்டிவரும். கூட்டிய பிறகு பெற்ற அப்பச்சி இறந்தால், அவருக்கு வாரிசு என்று கேட்க முடியாது. கூட்டும் முன்பே தன் பெயருக்கு வந்துவிட்ட சொத்து மட்டும் தன்னுடையதாகவே இருக்கும்.

பத்திரம் இல்லாத வீடுகளில் இசைகுடிமானம் (கல்யாணத்தின்போது எழுதும் ஒப்பந்தம்), பள்ளிச் சான்று, அந்நாள் கடிதம், புகைப்படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டகத்தைத் திறந்து, கூட்டிய அன்று உடனிருந்த ஆச்சி நல்ல நினைவோடு இருக்கும்போதே, யார் கொடுத்தார், யார் எடுத்தார், எந்த வருஷம் என்று கேட்டு எழுதி வையுங்கள்.