பல்கலைக்கழக வரலாற்றை எழுதும் முறை: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை முன்வைத்து

வட்டாரப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் துணைவேந்தர்களின் வரிசையையும் கட்டடத் திறப்பு விழாக்களையுமே முதலில் தேடுகின்றனர். அவற்றுக்கு முன்பாக, அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லை எப்போதெல்லாம் மாறியது என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மதுரையை எடுத்துக்கொள்வோம். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானது. தமிழறிஞரும் மொழியியலாளருமான தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர் ஆனார். 1978இல் அது காமராசர் பெயரைப் பெற்றது. ஆகவே, 1978க்கு முந்தைய நிகழ்வுகளை எழுதும்போது அக்காலத்துப் பெயரையே ஆள்வது முறை. மூலச் சட்டத்தோடு நின்றுவிடாமல் திருத்தச் சட்டங்களையும் அரசிதழ் அறிவிப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் எந்த மாவட்டம் எப்போது சேர்ந்தது, எப்போது பிரிந்தது என்பது தெளிவாகும்.

அடுத்து, இணைப்புக் கல்லூரிகளுக்கு நேரில் செல்லுங்கள். என் கருத்தில், இந்த வரலாற்றின் வளமான பகுதி அங்கேதான் இருக்கிறது. மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881இலும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தொடங்கப்பட்டவை; இரண்டுமே தாம் இணைந்த மதுரைப் பல்கலைக்கழகத்தைவிட மூத்தவை. சவேரியார் கல்லூரியில் படித்த ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் பட்டச் சான்றிதழ்களை எடுத்து வைத்தால், முதலாவதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரும், அடுத்ததில் மதுரையின் பெயரும், மூன்றாவதில் 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்கக் காணலாம். பல்கலைக்கழகம் தென்மாவட்டங்களை நோக்கி இறங்கிவந்த பாதையை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் சான்று வேறில்லை. அத்தகைய சான்றிதழ்களை உரியவர்களின் இசைவுடன் படியெடுத்துச் சேமியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் 1990இல் பிரிந்து சென்றதால் மதுரையின் இணைப்புக் கல்லூரி எண்ணிக்கை குறைந்தது. இதைத் தேய்வு என்று எழுதிவிடக் கூடாது. அதே மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே கிடைத்தது என்பதே அதன் பொருள். இத்தகைய இடங்களில் எண்ணிக்கையை மட்டும் தராமல், பிரிவினைக்கு முந்தைய, பிந்தைய எல்லைகளையும் உடன் குறிப்பிடுங்கள்.

அஞ்சல்வழிக் கல்வியைத் தனி இயலாகவே எழுத வேண்டும். வேலைக்குச் சென்றுகொண்டே படித்தவர்களை வகுப்பறைகளின் கணக்கிலோ வரைபடத்தின் எல்லைக்குள்ளோ அடக்க இயலாது. அன்றைய பாடநூல்களையும் விண்ணப்பக் கையேடுகளையும் முன்னாள் மாணவர்களிடம் கேட்டுப் பெறுங்கள். அவர்கள் கூறுவதைப் பதிவுசெய்து, ஆண்டுகளைப் பல்கலைக்கழக ஆண்டறிக்கைகளோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.