ஆய்வுக்கூட எலிகளுக்குத் தீனி வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் வளர்ந்த நமக்கு எலி என்றால் செம்பனைக் குலையைக் கடித்துப் பாழாக்கும் பகை. அதைப் பிடிப்பதற்காகத் தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, ஆய்வுக்கூடங்களுக்குப் படிக்கவோ வேலைக்கோ செல்லும் நம் பிள்ளைகள் பலரிடம் 'எலி எதைப் போட்டாலும் தின்று பிழைத்துக்கொள்ளும்' என்ற எண்ணம் ஊறிக் கிடக்கிறது. விலங்குக் கூடப் பணியில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்து முளைத்தவையே.

எலிக்கென்று அழுத்திச் செய்த கட்டித் தீவனமான பெல்லட் தீர்ந்துவிட்டால் கடைத்தெருவில் கோழித் தீவனம் வாங்கிப் போடுவது இவற்றுள் முதன்மையானது. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும்; எலிக்குத் தேவையானதோ ஏறத்தாழ 0.5 விழுக்காடுதான். குஞ்சுத் தீவனத்தில் கழிச்சல் நோய்க்கான மருந்தும் கலந்திருக்கலாம். அது ஆய்வின் முடிவையே புரட்டிவிடும். பாசத்தால் செய்யும் தவறும் உண்டு. ஒரு பிடி நிலக்கடலையோ சூரியகாந்தி விதையோ போட்டால் எலி கொழுப்பு மிகுந்த அதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் பெல்லட்டை ஒதுக்கிவிடும். அப்படிப் பொறுக்க முடியாதபடி எல்லாச் சத்தையும் ஒன்றாக அரைத்து அழுத்தியதுதான் பெல்லட்.

நம் ஊர் வெக்கையில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தீவனத்தைச் சேமிக்கும் விதம். வெப்பம் 21 பாகைக்கும் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது பொது விதி. நம் சாமான் அறையிலோ மதியம் 30 பாகையைத் தாண்டும், மழை மாதங்களில் சுவரே வியர்க்கும். அப்படி ஓர் அறையில் தரையோடு ஒட்டிக் கிடந்த மூட்டையை நான் பிரித்தபோது மேற்பகுதி நன்றாகவே இருந்தது. கையை உள்ளே விட்டதும் அடியில் பெல்லட்டுகள் கட்டிகட்டியாக ஒட்டி, சாம்பல் நிறப் பூஞ்சணம் பூத்திருந்தன. பூஞ்சணத்தைத் தட்டிவிட்டு மீதியைப் போடலாம் என்று நினைப்பது பெருந்தவறு. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருமளவில் மடிந்ததற்குக் காரணமான அஃப்லடாக்சின், பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் இருந்த நஞ்சுதான். அது எலியின் ஈரலில் புற்றை உண்டாக்கும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். வாங்கிய நாளைப் பார்க்காமல் அரைத்த நாளைப் பார்த்து, பழையதை முதலில் எடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

கினிப் பன்றித் தீவனத்துக்கு அந்த ஆறு மாதமும் செல்லாது. அதில் சேர்த்த வைட்டமின் சி அதற்கு முன்பே கரைந்துபோவதால் மூன்று மாதமே கணக்கு. எலியும் சுண்டெலியும் வைட்டமின் சியைத் தம் உடலிலேயே செய்துகொள்ளும். கினிப் பன்றியால் நம்மைப் போலவே அது முடியாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எலித் தீவனத்தையே கினிப் பன்றிகளுக்கும் வைத்தார்கள். சில வாரங்களில் அவை மூலையில் குறுகி உட்கார்ந்தன. பின்னங்காலைத் தொட்டாலே கீச்சிட்டன. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆட்டோகிளேவ் எனும் உயரழுத்த நீராவிக் கலனில் வைத்துத் தீவனத்தின் கிருமி நீக்குவோர் சாதாரணப் பெல்லட்டை அப்படியே அவித்துவிடக் கூடாது. சூட்டில் முதலில் அழிவது தயாமின் எனும் வைட்டமின் பி1. அதன் அருமை நம் மண்ணுக்குத் தெரிந்த கதைதான். நூறாண்டுக்கு முன் மலாயாவில் தீட்டிய வெள்ளையரிசி உண்டவர்களை தயாமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாக இருந்ததை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் கவனித்து எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆட்டோகிளேவுக்கென்றே வைட்டமின் கூட்டிச் செய்த தீவனம் கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, வளர்ந்த எலி நாளுக்கு 15 முதல் 25 கிராமும் சுண்டெலி 3 முதல் 5 கிராமும் தின்னும். மிச்சத்தை நிறுத்துப் பார்க்காமல் கூடையை நிரப்பிக்கொண்டே போனால் எது தின்கிறது, எது தின்னவில்லை என்பதே தெரியாது. தீனி குறையவில்லையென்றால் முதலில் தண்ணீர்ப் புட்டியின் முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். குழாய் அடைத்துத் தண்ணீர் வராவிட்டால் எலி தின்பதை நிறுத்திவிடும்.

மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடுமோ என்ற அச்சத்தால், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இரவெல்லாம் பட்டினி போடும் வழக்கமும் மனிதரிடமிருந்து வந்ததுதான். எலிக்கு வாந்தி எடுக்கவே இயலாது. ஆகவே அந்த அச்சத்துக்காகப் பட்டினி தேவையில்லை. அது பெரும்பாலும் இரவில்தான் தின்னும் என்பதால், மாலையில் தீனியை எடுத்துக் காலையில் வைப்பது ஏறக்குறைய ஒரு நாள் உணவையே பறிப்பதாகும். ஆய்வுக்குப் பட்டினி கட்டாயம் என்றால் விடியற்காலையில் எடுத்து, சில மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்; தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள்.