பின்னல் பிரிச்ச அன்னிக்கு நான் பண்ண தப்பு

என் பொண்ணோட அப்பா கானா நாட்டுக்காரர், நாங்க லண்டன்ல இருக்கோம், அவளுக்கு நல்ல அடர்த்தியான சுருட்டை முடி. ரிலாக்ஸர் (சுருட்டை முடிய நேராக்கற கெமிக்கல் க்ரீம்) போடறத நிறுத்தி ஒன்பது மாசம் ஆச்சு, வேர்ப்பக்கம் சுருட்டை நுனிப்பக்கம் நேர் முடி, ரெண்டும் சேர்ற இடம் தொட்டாலே உடையுது. பாக்ஸ் பிரெய்ட்ஸ்ல, அதாவது தலை முழுக்க கட்டம் கட்டமா பிரிச்சு போடற சின்னச் சின்ன பின்னல்ல, இருக்கறவரை பிரச்சனையே இல்ல, அத பிரிச்சு அடுத்தது போடறதுக்குள்ளதான் கொத்து கொத்தா போச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பிரிச்ச உடனே தண்ணி ஊத்தினதுதான் தப்பு. தினம் 50லேர்ந்து 100 முடி உதிர்றது சாதாரணம், அது கீழ விழாம ஆறு வாரமா பின்னலுக்குள்ளயே மாட்டிட்டு இருக்கும், நனைஞ்சா சிக்கி சடையாயிடும்.

இப்ப நனைக்காம, கொஞ்சம் எண்ணெய் தடவி விரலாலயே உதிர்ந்த முடிய எடுத்துட்டு, அப்புறம் அகலப்பல் சீப்பால நுனியிலேர்ந்து மேல வரேன். எட்டு பாகமா பிரிச்சு லூசா முறுக்கி, அப்படியே ஷாம்பு, கண்டிஷனர். நேர் முடிய அரை இஞ்ச் வெட்டிடுவேன். அடுத்த பின்னலுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ரெஸ்ட், ராத்திரி சாட்டின் துணி கட்டிதான் தூக்கம். நெத்தி ஓரத்துல மட்டும் இறுக்கி பின்ன விடாதீங்க ப்ளீஸ், இழுத்து இழுத்து அங்க முடியே போயிடும்.