ஐப்பசி ஈரமும் 7018 ராடும்: மறுநாள் வரும் வெடிப்பைத் தடுக்க

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் கனமான தகட்டு வேலை எடுப்பவர்களுக்கு இது புதிதல்ல. சாயங்காலம் வெல்டிங் அழகாக இருக்கும். காலையில் ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு. பழி வெல்டர் மேல் விழும். காரணம் பெரும்பாலும் 7018 ராடின், அதாவது ஹைட்ரஜன் குறைவாக விடும் பூச்சு போட்ட வெல்டிங் கம்பியின், பூச்சில் ஏறிய ஈரம்.

ஆர்க்கின் சூட்டில் அந்த ஈரம் பிரிந்து ஹைட்ரஜன் அணுவாகி, உருகிய இரும்பில் கரைகிறது. இரும்பு இறுகியதும் அவ்வளவையும் அதனால் வைத்துக்கொள்ள முடியாது. அணு மிகச் சிறியது. மெல்ல நகர்ந்து, சூடுபட்டுக் கடினமாகிப்போன ஓரத்தில், இழுவிசை கூடிய இடமாகப் பார்த்துச் சேர்ந்து பிளக்கிறது. 200 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே இது நடப்பதால்தான் தாமதம். மெல்லிய மைல்டு ஸ்டீலில் அபூர்வம். கனத் தகடு, ஈஎன்8 (நடுத்தர கார்பன் எஃகு) ஷாஃப்ட் என்றால் ஏமாறக் கூடாது.

பிரித்து வைத்த 7018 ராடை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, 350 டிகிரியில் 1 முதல் 2 மணி நேரம் ஓவனில் சுடுங்கள். பெட்டியில் வேறு சூடோ நேரமோ போட்டிருந்தால் அதுதான் கணக்கு. பிறகு 120 டிகிரி வாக்கில் கையடக்க ஓவனில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுங்கள். 4 மணி நேரம் வெளியே கிடந்தால் மறுபடி சுட வேண்டும், அதுவும் ஒரே முறைதான். தகட்டில் ஒட்டவைத்து ஷார்ட் பண்ணிச் சூடாக்குவது வீண்: கம்பி பழுக்கும், பூச்சு உதிரும், ஈரம் போகாது. செல்லுலோஸ் பூச்சுள்ள 6010 ராடை மட்டும் ஓவனில் வைக்காதீர்கள். அதன் பூச்சுக்கு ஈரம் தேவை.

இணைப்பின் இருபுறமும் ஓர் அங்குலத்துக்குத் துரு, பெயின்ட், கிரீஸ் எல்லாம் கிரைண்டரில் போக வேண்டும். வெல்டிங்குக்கு முன் சூடேற்ற கேஸ் டார்ச் காட்டினால் தகடு முதலில் வேர்க்கும். அது காய்ந்ததைச் சூடேறியதாக நினைக்காதீர்கள். ஈஎன்8-க்கு ஏறக்குறைய 200 டிகிரி வேண்டும், குறித்த சூட்டில் உருகும் டெம்பரேச்சர் சாக்கில் பாருங்கள். ஆர்க்கைக் குட்டையாகப் பிடியுங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றாமல், காய்ந்த மணலில் மூடி ஆறவிடுங்கள்.

சாயம் தடவி வெடிப்பைக் காட்டும் டை பெனட்ரன்ட் சோதனையை 48 மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். வெடித்திருந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள்: பளபளப்பாக இருந்தால் ஹைட்ரஜன் வேலை, நீலம் பூத்திருந்தால் சூட்டிலேயே பிளந்தது. எதுவானாலும் அடிவரை கிரைண்ட் பண்ணி எடுத்த பிறகே ராடு வையுங்கள். மேலே ஒரு கோடு ஓட்டி மூடினால் அடியில் இருக்கும் வெடிப்பு திரும்ப மேலே வரும்.