கற்பனையில் நீந்தியவன் தண்ணீரில் இறங்குவது எப்படி

46 வயதில்தான் நீச்சல் பழகினேன். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் தினமும் காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மீன்போலப் போய் வந்துகொண்டிருந்தேன். அலமாரிக் கதவில் நீச்சல் வீரர் ஒருவரின் படத்தைக்கூட ஒட்டியிருந்தேன். "என்னால் முடியும்" என்று சொல்லிக்கொள்வேன். மனம் நிறைந்துவிடும். நிறைந்த மனத்தோடு நாற்காலியில் சாய்ந்துவிடுவேன். இரண்டு ஆண்டுகளில் கால் விரல்கூட நனையவில்லை.

சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு படித்துப் பார்த்ததில் தவறு வேறிடத்தில் இருந்தது. நியூயார்க் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கேப்ரியேல் எட்டிங்கன், ஹெதர் காப்பஸுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், நினைத்தது கைகூடிவிட்டதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்கு உடலின் வேகம் தணிவதைக் கண்டார். இரத்த அழுத்தமே இறங்கியது. நினைப்பிலேயே பசியாறியவன் அடுப்பு மூட்டுவானா?

அதற்காகக் கற்பனையை மூட்டை கட்டிவிட வேண்டாம். காட்சியை மாற்றுங்கள்.

முதலில், கிடைக்கப்போகும் பலனை ஒரு நிமிடம் மட்டும் பாருங்கள். பிடித்திருக்கிறதா, உண்மையிலேயே வேண்டுமா என்று தெரிந்துகொள்ள அது போதும். உடனே அடுத்த கேள்வி: எனக்குள் எது தடுக்கிறது? இங்கே அவசரப்படாதீர்கள். முதலில் வரும் பதில் பெரும்பாலும் சாக்குத்தான். நான் "நேரமில்லை" என்று எழுதினேன். பொய். தினமும் ஒரு மணி நேரம் கைப்பேசியில் போய்க்கொண்டிருந்தது. அடுத்து "தண்ணீரைக் கண்டால் பயம்" என்று எழுதினேன். அதுவும் பாதிதான் உண்மை. மூன்றாவது முறை எழுதும்போது பேனா தயங்கியது: ஏழு வயதுக் குழந்தைகளுக்கு நடுவே தொந்தியோடு மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க வெட்கம். அதுதான் முள். எழுதக் கூச்சமாக இருக்கும் பதில் வரும்வரை தோண்டுங்கள்.

தடை தெரிந்ததும் அதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்யுங்கள்: "இது நடந்தால், இதைச் செய்வேன்." பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த முறை இது. "இனி ஒழுங்காகப் போவேன்" என்ற சபதத்தில் எப்போது, எங்கே என்பதே இல்லை. அதனால் அது காற்றில் போய்விடுகிறது. என் வாக்கியம் இது: "யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், தலையைத் தண்ணீருக்குள் வைத்துப் பத்து முறை கால் அடிப்பேன்."

இப்போது கண்ணை மூடுங்கள். வெற்றியைப் பார்க்க வேண்டாம், வேலையைப் பாருங்கள். பையை எடுப்பது, செருப்பு மாட்டுவது, குளிர்ந்த தண்ணீரில் முதல் காலை வைப்பது, மூக்கில் தண்ணீர் ஏறுவது. கலிபோர்னியாவில் மாணவர்களிடம் நடத்தி 1999இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல மதிப்பெண் வாங்கியதாகக் கற்பனை செய்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதாகக் கற்பனை செய்தவர்களே கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸும் பந்தயம் கெட்டுப்போகும் காட்சிகளையும் சேர்த்தே மனத்தில் ஓட்டிப் பழகியவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை பந்தயத்தின்போது அவருடைய நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கண் தெரியாமல், கைவீச்சை எண்ணிக்கொண்டே நீந்தித் தங்கம் வென்றார். உலக சாதனையும் படைத்தார்.

கடைசியாக, கண்ணைத் திறந்தவுடன் ஏதாவது ஒன்றைச் செய்துவிடுங்கள். அது சிறியதாக இருப்பதே நல்லது. நான் அன்று துண்டை மடித்துப் பையில் வைத்து, பையை வாசற்கதவின் கைப்பிடியில் மாட்டினேன். மறுநாள் அதைத் தொடாமல் கதவைத் திறக்க முடியவில்லை.

முதல் நாளே ஒரு சிறுமி கேட்டாள்: "மாமா, உங்களுக்கும் பலகையா?" தலையைத் தண்ணீருக்குள் வைத்தேன், ஆறு முறைதான் அடிக்க முடிந்தது. இப்போது 25 மீட்டர் நிற்காமல் போகிறேன். திரும்பி வரும்போது மட்டும் பாதியில் கயிற்றைப் பிடித்துவிடுகிறேன். அதற்கு ஒரு வாக்கியம் எழுதி, இரண்டு முறை அடித்துத் திருத்தியும் ஆகிவிட்டது.